ஒரே நம்பர்... ஹாஸ்டலுக்கே பூட்டு!

‘உங்கள் ஐபி முகவரி தடை செய்யப்பட்டுள்ளது.’

கேம்ல லாக்-இன் பண்ணும்போது இப்படி ஒரு வரி வந்து நின்னா, நிறைய பேர் உடனே செய்யற காரியங்கள் மூணு. பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பத் தட்டறது. கேமைத் தூக்கிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்றது. கடைசியா, எவனோ சொன்னான்னு ஒரு இலவச விபிஎன்னை இறக்கறது. மூணுமே வேஸ்ட் பாஸ்! சமயத்துல வம்பும்கூட.

முதல்ல அந்த வரியை நிதானமா படிங்க. தடை உங்க அக்கவுன்ட் மேல இல்லை, நீங்க வர்ற வழி மேல. அக்கவுன்ட்டுக்குத் தடைன்னா எந்த ஊர்ல போய் உட்கார்ந்தாலும் கதவு திறக்காது. ஐபிக்குத் தடைன்னா, வேற இணைப்புல அதே அக்கவுன்ட் ஜம்முனு திறக்கும். மைன்கிராஃப்ட் சர்வர் நடத்துறவங்களுக்கு ‘பான்’, ‘பான்-ஐபி’ன்னு ரெண்டு தனித்தனி கட்டளைகளே இருக்கு. முதலாவது ஆளை நிறுத்தும். ரெண்டாவது தெருவையே அடைக்கும்!

தெருவையா? ஆமாம், கணக்கு பாருங்க. ஐபி வெர்ஷன் 4 முகவரின்னா 32 பிட். உலகம் முழுக்க சேர்த்தே சுமார் 429 கோடி நம்பர்தான். பொதுக் கையிருப்புல இருந்த கடைசிக் கட்டுகளையும் 2011 பிப்ரவரியிலயே பிரிச்சுக் கொடுத்து முடிச்சாச்சு. அதனால ஒரே வெளி முகவரியைப் பல பேர் பங்கு போட்டுக்கறோம். ஹாஸ்டல்ல உங்க லேப்டாப்புக்கு 192.168 இல்லைன்னா 10-ன்னு ஆரம்பிக்கற நம்பர் இருக்கும். அது ரூம் நம்பர் மாதிரி, கேம்பஸுக்குள்ள மட்டும்தான் செல்லும். வெளியே போகும்போது எல்லாருக்கும் கேட் ஒண்ணுதான். இணைய நிறுவனங்களும் இதே வித்தையைப் பெரிய அளவுல செய்யுது. அதுக்காகவே 100.64-ல ஆரம்பிச்சு 100.127 வரைக்கும் ஒரு முகவரித் தொகுதியை 2012-ல ஒதுக்கி வெச்சாங்க.

இந்தக் கணக்கு தெரியலைன்னா என்ன ஆகும்? எங்க ஹாஸ்டல்ல ஆச்சு. ஒரு சனிக்கிழமை, ஃப்ளோருக்கு ஃப்ளோர் டோர்னமென்ட். ஒன்பது மணிக்கு நாற்பது பேர் ஒரே நேரத்துல லாக்-இன். கொஞ்ச நேரத்துல மொத்தப் பேருக்கும் தடை! சந்தேகம் நேரா ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையன் தலையில விழுந்துச்சு. ஏன்னா, ரெண்டு வாரமா அவன்தான் எல்லாரையும் சாய்ச்சுக்கிட்டு இருந்தான். ‘ஹேக் போட்டிருக்கான்டா, இவனாலதான் எல்லாருக்கும் போச்சு’ன்னு பேச்சு. மறுநாள் மெஸ்ல அவன் டேபிள்ல யாருமே உட்காரலை.

கேம் போனதைவிட எனக்கு அது உறுத்துச்சு. ‘வாடா தம்பி, டெஸ்ட் பண்ணிப் பார்ப்போம்’னு கூப்பிட்டேன். என் போன் ஹாட்ஸ்பாட்ல அவன் அக்கவுன்ட் உடனே திறந்துச்சு. ஹாஸ்டல் வைஃபைல, அப்பதான் தொடங்கின புத்தம்புது அக்கவுன்ட்கூட திறக்கலை. ‘அப்போ நான் இல்லைல்லண்ணா?’ன்னு கேட்டான் பாருங்க... ரெண்டு நாளா பையன் அவனையே சந்தேகப்பட ஆரம்பிச்சிருக்கான்! அப்புறம் கேம் கம்பெனிகிட்ட இருந்து பதில் வந்துச்சு. ஒரே முகவரியில இருந்து ஒரே நேரத்துல ஏகப்பட்ட லாக்-இன் வந்ததால, ஏதோ தாக்குதல்னு நினைச்சு சிஸ்டமே தானா பூட்டிடுச்சாம்.

உங்களுக்கு இது வந்தா, வரிசையா இதைச் செய்யுங்க:

1. பாஸ்வேர்டு தட்டறதை நிறுத்துங்க. தப்பான முயற்சிகளால வர்ற தடை பெரும்பாலும் தற்காலிகம்தான். தட்டத் தட்ட அது நீளலாம்.

2. விபிஎன், ப்ராக்ஸி எதாவது ஓடுதான்னு பார்த்து அணைங்க. ஒரு விபிஎன் முகவரியைப் பல பேர் பங்கு போடறாங்க. எவனோ செஞ்ச பாவம் உங்க தலையில விடியும்.

3. மொபைல் டேட்டாவுல அதே அக்கவுன்ட்டைத் திறங்க. திறந்தா, வழிதான் பிரச்னை. ரெண்டுலயும் திறக்கலைன்னா அக்கவுன்ட்டையோ சர்வரையோ கவனிங்க.

4. வீட்டு இணைப்புன்னா ரவுட்டரை அணைச்சு, கொஞ்ச நேரம் கழிச்சுப் போடுங்க. புது நம்பர் கிடைக்கலாம். ரவுட்டர் காட்டற வெளி முகவரியும், நெட்ல ‘என் ஐபி என்ன’ன்னு தேடினா வர்றதும் வேற வேறயா இருக்கா? நீங்களும் கூட்டுக்குடித்தனம்தான்!

5. கேம் கம்பெனியின் சப்போர்ட்டுக்கு எழுதுங்க. வெளி முகவரி, தேதி, நேரம் (இந்திய நேரம்னு குறிப்பிட்டு), இது பொது இணைப்புங்கற தகவல், இவ்வளவு போதும். பாஸ்வேர்டு யாருக்கும் வேண்டாம். ஹாஸ்டல் நெட்வொர்க் பார்க்கறவர்கிட்டயும் சொல்லிடுங்க. யாரோ ஒருத்தர் மெஷின்ல வைரஸ் இருந்தாலும் இதே தடை வரலாம்.

‘கேமுக்குப் போய் இவ்வளவு ஆராய்ச்சியா?’ன்னு சிரிக்காதீங்க. 2007 ஆகஸ்ட்ல, பெங்களூருல ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினீயரை புனே போலீஸ் கைது பண்ணாங்க. ஆர்குட்ல சத்ரபதி சிவாஜியை அவமதிச்சுப் படம் போட்டார்னு வழக்கு. கைக்குக் கிடைச்ச துப்பு ஒரு ஐபி முகவரி. இணைய நிறுவனம் அதைத் தப்பா இவரோடதுன்னு காட்டிக் கொடுத்திருந்துச்சு. தப்பு தெரிஞ்சு வெளியே வர்றதுக்குள்ள 50 நாள் ஜெயில்!

ஐபிங்கறது ஒரு கேட்டோட நம்பர் மட்டும்தான் பாஸ். எந்த நேரத்துல எந்த கேட்னு அது சொல்லும். உள்ளே இருந்து வந்தது யாருன்னு சொல்லாது. அதனால உங்க ஃப்ளோர்ல பூட்டு விழுந்தா, பக்கத்து ரூம் பையனை முறைக்கறதுக்கு முன்னாடி ஹாட்ஸ்பாட்டை ஆன் பண்ணுங்க. ரெண்டே நிமிஷ வேலை!