வேற ஸ்டேட்ல வீடு வாங்குறீங்களா? முதல்ல வக்கீலைப் பிடிங்க

டெக்சாஸ்ல டியூட்டி பார்த்துக்கிட்டே அட்லாண்டாவில் வீடு வாங்கினேன். அதே நிலையில் இருப்பவர்களுக்காக இந்த த்ரெட்.

1. நம்ம மெடிக்கல் லைசென்ஸ் மாதிரிதான் வக்கீல் லைசென்ஸும். ஸ்டேட்டுக்கு ஸ்டேட் வேற. டெக்சாஸில் டைட்டில் கம்பெனியே குளோசிங்கை முடித்துவிடும். ஜார்ஜியாவில் அந்த ஸ்டேட் லைசென்ஸ் உள்ள வக்கீல்தான் நடத்தணும்.

2. ஆனா அந்த வக்கீல் பெரும்பாலும் கடன் கொடுக்கிற பேங்குக்காக வேலை செய்பவர். "நீங்க யார் பக்கம்?"னு முதல் போன்லயே கேளுங்க. நான் எனக்கென்று தனியா ஒருத்தரை வைத்துக்கொண்டேன்.

3. ஏஜென்ட் சொன்ன பெயராவே இருந்தாலும் ஸ்டேட் பார் இணையதளத்தில் தேடுங்க. பகிரங்க ஒழுங்கு நடவடிக்கை ஏதும் இருந்தால் அங்கேயே தெரியும்.

4. லெண்டர் பாலிசி பேங்கைத்தான் காப்பாத்தும். உங்களுக்கு ஓனர்ஸ் டைட்டில் இன்சூரன்ஸ் வேணும். ஒரே தடவை கட்டுறதுதான், விட்டுடாதீங்க.

5. குளோசிங்குக்கு முந்தின நாள் எனக்கு ஒரு மெயில்: "அக்கவுன்ட் நம்பர் மாறிடுச்சு, இதுக்கு வயர் பண்ணுங்க." மெயிலில் இருந்த நம்பரை விட்டுட்டு, முன்னாடியே வாங்கி வைத்த ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டேன். அவங்க அனுப்பவே இல்லை. வயர் போயிட்டா பணம் திரும்புறது ரொம்பக் கஷ்டம். நீங்களும் கூப்பிட்டுக் கேட்டுட்டே அனுப்புங்க.