வந்தால் வரட்டும், போகட்டும்

கிள்ளான் கொமுட்டரில் சும்மா நிற்கும்போது, "அக்கா பிள்ளையைத் தூக்கும்போது கைதவறிப் போட்டுவிட்டால்?" என்று திடீரென ஒரு நினைப்பு வரும். சீ, என்ன புத்தி என்று விரட்டினால் இன்னும் ஒட்டிக்கொள்ளும்.

உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கும் அந்தக் கரடிதான் திரும்பத் திரும்ப வந்தது!

இந்த மாதிரி எண்ணம் யாருக்கும் வரும். வந்ததாலேயே நாம் கெட்டவர்கள் இல்லை. நான் அதோடு மல்லுக்கட்டுவதில்லை. பிரிக்பீல்ட்ஸில் இறங்கி ஒரு தே தாரிக் சொல்லிவிட்டு, பக்கத்து மேசை அரசியலில் காதை வைப்பேன்.

ஆனால் செத்துவிடலாம் என்ற எண்ணம் விடாமல் துரத்தினால் தனியாகச் சமாளிக்காதீர்கள். மலேசியாவில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீஸ் பயம் வேண்டாம். பிஃப்ரெண்டர்ஸ் மனநல உதவி எண்: 03-7627 2929, 24 மணி நேரமும். கூச்சப்படாமல் கூப்பிடுங்கள்.