குளியலறையில் ஓர் இருட்டறை

வடபுலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த பொருள்களைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆட்டுக்கல்லும் இட்லிப் பானையும் குத்துவிளக்கும் அப்பட்டியலில் தவறாமல் இடம்பெறும். ஊருக்கு நாம் அனுப்பியவற்றைப் பற்றி எழுதியோர் குறைவு. மணியார்டரை விட்டுவிட்டால் மிகுதியாகச் சென்றவை படங்களே. பேத்திக்குப் பல் முளைத்ததையும், அவள் நடை பயின்றதையும், சீருடை அணிந்து தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிக்குப் புறப்பட்டதையும், மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு திண்ணையில் அமர்ந்திருப்பவருக்கு எழுத்தால் மட்டும் உணர்த்திவிட இயலுமா? இன்லண்டு கடிதத்துள் எதையும் வைத்து அனுப்பக் கூடாது என்பது அஞ்சல் விதி. ஆகவே படம் உள்ள மாதங்களில் உறை வாங்குவோம். தடித்த உறை வந்தால் தபால்காரர் தெருமுனையிலேயே குரல் கொடுத்துவிடுவார் என்று ஊரிலிருந்து எழுதுவார்கள்.

நாங்கள் என்று இக்கட்டுரையில் குறிப்பது கணவன் மனைவி இருவரை. ஒருவர் மைய அரசு அலுவலகமொன்றில் கணக்கு எழுதியவர். மற்றவர் வேதியியல் பயின்று, அப்படிப்பை இருட்டறையில் அன்றி வேறெங்கும் பயன்படுத்த வாய்ப்புப் பெறாதவர். இவ்வரிகளை எழுதுவது எவர் என்று அன்பர்கள் வினவ வேண்டா. இருட்டில் நான்கு கைகளும் ஒன்றுபோலவே இயங்கின.

எங்கள் இருட்டறை பிறந்தது போரினால். 1971 டிசம்பரில் பாகிஸ்தானுடன் போர் மூண்டபோது தில்லி முழுவதும் இரவில் விளக்கொளி வெளியே தெரியலாகாது என்று ஆணை பிறந்தது. இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் எல்லாரும் சன்னல் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டினோம். இரு வாரங்களில் போர் முடிந்தது. அண்டை வீட்டார் தாளைக் கிழித்தெறிந்தார்கள். நாங்கள் குளியலறைச் சன்னலில் மட்டும் அதை விட்டுவைத்தோம். கதவிடுக்கில் ஒரு பழைய சேலையைச் செருகி, பூச்சிய வாட் பல்பு ஒன்றுக்குச் சிவப்புச் சாயம் பூசியதும் அறை ஆயத்தமாயிற்று. குடியிருப்பில் எவரேனும் இரவில் குளிக்க நினைத்தால் அது அவரவர் வீட்டுக் கவலை. எங்கள் வீட்டில் சனிக்கிழமை இரவுகளில் குளியல் இல்லை.

கேமரா முதலில் பரோடாவில் செய்யப்பட்ட ஆக்பா கிளிக் மூன்று. 120 பிலிமில் பன்னிரண்டு சதுரப் படங்கள். வெயிலுக்கு ஒரு குறி, மேகத்துக்கு ஒரு குறி. அவ்வளவே அதன் கல்வி. பின்னர் பழையதாக ஒரு யாஷிகா கிடைத்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இரு லென்ஸ் உடையது. வயிற்றளவில் பிடித்துக் குனிந்து மேலிருந்து பார்த்து எடுப்பது. பிலிம் பெரும்பாலும் கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த ஓர்வோ. கிடைக்காத மாதங்களில் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த இந்து. இப்பெயரைக் கேட்டதும் காலையில் வரும் ஆங்கில நாளிதழை நினைத்துவிட வேண்டா. வடமொழியில் இந்து என்றால் நிலவு. வெள்ளியால் ஆகிய பிலிமுக்குப் பொருத்தமான பெயர்தான். 1967-இல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலை இன்று இல்லை. நீலகிரிக் குளிரில் செய்த பிலிமைத் தில்லி வெயிலில் கழுவினோம் என்பதில் எங்களுக்கு இன்னும் ஒரு பெருமை உண்டு.

வீட்டில் கழுவத் தொடங்கியதற்குச் செலவு ஒரு காரணம். கடையில் ஒரு சுருளைக் கழுவிப் பன்னிரண்டு படமும் போட்டால் அம்மாதக் கணக்கு ஆட்டம் காணும். சாந்தினி சௌக்கில் கூச்சா சௌதரி சந்தில் தாளும் பிலிமும், திலக் பசாரில் இரசாயனங்களும் வாங்கிவந்தால் செலவு மிகவும் குறையும். டி-76 என்னும் டெவலப்பரின் செய்முறை எல்லாருக்கும் திறந்த இரகசியம்: மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட்டு 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம், எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர். மெட்டாலை முதலில் கரைக்க வேண்டும். சல்பைட்டு மிகுந்த நீரில் அது கரைய மறுக்கும். ஆசாரி ஒருவரிடம் வாங்கிய சிறு தராசில் இவற்றை நிறுக்கும்போது, திருமாங்கல்யத்துக்குப் பொன் நிறுப்பவரின் முகபாவம் எங்களுக்கு வந்துவிடும்.

பிலிமை டாங்க்கில் சுற்ற முழு இருட்டு வேண்டும். சிவப்பு விளக்கும் ஆகாது. குளிர்காலத்தில் இதற்கு இரஜாயைவிடச் சிறந்த இருட்டறை இல்லை. இரவில் விளக்கணைத்து, பஞ்சு திணித்த அப்போர்வைக்குள் கைகளை நுழைத்துச் சுருளை ஏற்றிவிடலாம். வடக்கு எங்களுக்குக் கற்பித்த கலைகளுள் இஃதும் ஒன்று.

தில்லியில் பிலிம் கழுவுவோர்க்கு இரு பகைவர்கள். ஒருவர் மே, மற்றவர் சனவரி. டெவலப்பர் 20 பாகையில் இருத்தல் நலம். சனவரி இரவில் குழாய் நீர் கைவிரலை மரக்கச் செய்யும். 12, 13 பாகைக்குக் கீழே ஹைட்ரோகுவினோன் உறங்கிவிடும். நெகடிவ் உயிரற்று வரும். அப்போது வெந்நீர்ப் பாத்திரத்துள் குப்பியை நிறுத்திச் சூடேற்றுவோம். மே மாதத்திலோ மொட்டைமாடித் தொட்டி நீர் காப்பி போடும் சூட்டில் இறங்கும். அந்நீர் பட்டால் பிலிமின் மேலுள்ள ஜெலட்டின் ஊதி இளகும். நகம் பட்டாலே கீறல். இதற்கு மருந்து வாசலிலேயே இருந்தது: மட்கா என்று இங்குள்ளோர் அழைக்கும் மண்பானை. வறண்ட லூக்காற்று வீசும் நாளில் பானை நன்கு குளிரும். 24 பாகை கிட்டினால் போதும். 20 பாகையில் 9 நிமிடம் பிடிக்கும் பிலிம் அதில் ஆறேகால் நிமிடத்தில் முடியும். ஆனால் சூலையில் மழைக்காற்று வந்ததும் பானை கைவிட்டுவிடும். காற்றில் ஈரம் நிறைந்தபின் நீர் எங்கே ஆவியாவது? அம்மாதங்களில் குளிர்ப்பெட்டி வைத்திருந்த பஞ்சாபி அண்டைவீட்டு அம்மையாரிடம் பனிக்கட்டி கேட்டு நிற்போம். பதிலுக்கு அவர் குடும்பப் படங்களை எடுத்துக் கொடுத்தோம்.

1973 சூன் 7 அன்று மலைமந்திரில் சுவாமிநாத சுவாமிக்குக் குடமுழுக்கு நடந்தது. அன்று எடுத்த இரு சுருள்களையும் பானை நீரில்தான் கழுவினோம். கூட்டத்தில் முகம் தெரிந்த எத்தனையோ பேர் அவற்றில் இருக்கிறார்கள். அவர்களுட் பலர் இன்றில்லை.

தாளில் உருவம் மெல்ல மெல்லத் தோன்றும் கணத்தைப் பலர் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். நாங்கள் அவ்வளவு மயங்குவதில்லை. தாள் கெட்டால் இன்னொரு தாள் உண்டு. பிலிம் கெட்டால் அந்த நாள் திரும்ப வாராது. ஹைப்போவிலிருந்து எடுத்த ஈரச் சுருளை முதன்முறையாக விளக்குக்கு எதிரே பிடிக்கும் அந்த நொடியில்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதன்பின் கழுவும் வேலை. ஹைப்போ எஞ்சி நின்றால் நாளடைவில் வெள்ளியைத் தாக்கிப் படத்தைப் பழுப்பாக்கும். இரண்டாம் மாடியில் காலையிலும் மாலையிலும் மட்டுமே குழாயில் நீர் வரும். அந்நீரைப் பிடித்து வைத்து, டாங்க்கை நிரப்பிக் கவிழ்த்து நிமிர்த்தி நீரை மாற்றி மாற்றிக் கழுவுவோம். இறுதியாகக் குளியலறைச் சுவரெங்கும் நீர் தெளித்துத் தூசியை அடக்கி, துணி உலர்த்தும் கவ்விகளால் சுருளைத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினால், விடியும்வரை எவரும் உட்புகக் கூடாது. உலர்ந்தவற்றை மூன்று மூன்றாக வெட்டி, பட்டர் பேப்பர் உறையிலிட்டு, எண்ணும் நாளும் எழுதி, ஒரு குறிப்பேட்டில் பதிவோம். கணக்கருக்கு அதில் ஓர் இன்பம்.

ஊரிலிருந்த மூதாட்டி எங்களில் ஒருவருக்கு அம்மா, மற்றவருக்கு அத்தை. படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்பதில் உறுதியாக இருந்தவர். ஆனால் பேத்தியின் படங்கள் மட்டும் அவருக்குத் தவறாமல் வேண்டும். 1975 சனவரியில் ஜி.டி. எக்ஸ்பிரசில் ஒரேயொரு முறை தில்லிக்கு வந்தார். குளிரை வைதுகொண்டே ஒரு மாதம் தங்கினார். ஒரு காலை அடுக்களைச் சன்னலருகே அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வெளியே மூடுபனி. யாஷிகாவைக் கையில் எடுத்ததைப் பார்த்தவர், "நீ என்னைப் பாக்காம குனிஞ்சுக்கிட்டுத்தானே எடுக்குற? அப்ப எடுத்துக்க. பொட்டியைக் கும்பிடுறவனை நான் என்னன்னு சொல்றது" என்றார். லென்சை முழுதும் திறந்து நொடியில் எட்டில் ஒரு பங்கு கொடுத்தோம். அந்தப் பனி வெளிச்சத்தில் அதற்கு மேல் கை நடுங்காது பிடிக்க இயலாது. அச்சுருளின் மற்றப் பதினொன்றும் முற்றத்து வெயிலில் எடுத்தவை. ஆகவே கழுவும் நேரத்தைக் கூட்டவும் வழியில்லை. நெகடிவ் கண்ணாடிபோல் வெளிறி வந்தது. கையிலிருந்த சாதாரணத் தாளில் போட்டுப் பார்த்தோம். சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல், அதில் ஒரு மூக்குத்திப் புள்ளி. கடையில் கொடுத்திருந்தால் அச்சுக்கு உதவாது என்று எழுதித் திருப்பியிருப்பார்கள்; சில கடைகளில் அத்தகைய துண்டுகளை வெட்டி எறிவதும் உண்டு. நாங்கள் எண்ணிட்டு உறையில் வைத்தோம்.

1977 நவம்பர் 12 அன்று நாகப்பட்டினத்தருகே கரைகடந்த புயல் தஞ்சை மாவட்டத்தையே புரட்டிப்போட்டது. அத்தையின் வீட்டு ஓடுகள் பறந்தன. உள்ளே நீர் புகுந்தது. உயிருக்குத் தீங்கில்லை என்ற தந்தி நான்காம் நாள் கிடைத்தது. பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. அண்டைவீட்டுச் சிறுவனைக்கொண்டு எழுதுவித்தது. நெல் போனது இரண்டு வரி. பசு பிழைத்தது ஒரு வரி. எஞ்சிய இரண்டரைப் பக்கமும் படங்களைப் பற்றி. தகரப் பெட்டியில் வைத்திருந்த படங்கள் அத்தனையும் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டையாகிவிட்டனவாம். பிரித்தால் முகம் அடுத்த படத்தின் முதுகோடு போகிறதாம். ஜெலட்டின் நனைந்து உலர்ந்தால் பசையாகும் என்பது எங்களுக்குத் தெரியும். அவர் அதைப் புயலின் வஞ்சம் என்றே கருதினார். மறுபடியும் அனுப்ப முடியுமா என்று கேட்டு ஒவ்வொரு படத்தையும் சொல்லியிருந்தார். மொத்தம் 57. மாடிப்படியில் குழந்தை சிணுங்குவது. இரட்டைப் பின்னலில் ஒன்று அவிழ்ந்திருப்பது. மலைக்கோவிலில் அப்பன் தோளில் உட்கார்ந்து வேறெங்கோ பார்ப்பது. எங்கள் குறிப்பேடு நாள்வரிசையில் இருந்தது. அவர் வரிசை வேறு. எந்த வரிசை என்று இன்றளவும் எங்களுக்கு விளங்கவில்லை. ஆனால் ஒன்றும் விடுபடவில்லை. கடிதத்தின் ஓரத்தில், எழுதி முடித்தபின் சேர்த்ததுபோல் ஒரு வரி: "கீரை ஆயும்போது எடுத்தாயே, அது இருந்தால் அதுவும்."

நான்கு இரவுகள் வேலை செய்தோம். கண்ணாடித் தகட்டின்கீழ் நெகடிவையும் தாளையும் பொருத்தி, மேலே ஒரு பல்பை எரியவிட்டு எண்ணி அணைக்கும் தொடு அச்சுகள்தாம் அந்த 57-ம். சிறியவை, கடித உறைக்கு அடக்கமானவை. நெகடிவ் நம் கையில் இருந்ததால் அன்றோ இது கூடிற்று. அச்சுப் படத்தைக் கண்ணாடிச் சட்டத்திலும் நெகடிவைக் குப்பையிலும் போடும் வழக்கம் நம்மிடையே மிகுதி. மூலத்தை எரித்துவிட்டு நகலைப் பூசிக்கும் செயல் என்று அதைச் சொல்வோம்.

ஐம்பத்தெட்டாவது படத்துக்கு ஒரு முழு இரவு ஆயிற்று. தாள்களுக்குத் தர எண் உண்டு. எண் உயர்ந்தால் கறுப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள வேறுபாடு கூடும். வெளிறிய நெகடிவுக்கு நான்காம் தரத் தாள் வேண்டும். இம்முறை அதையே தேடி வாங்கிவந்தோம். நண்பர் ஒருவரின் உருப்பெருக்கியும் இரவலாகக் கிடைத்தது. வெட்டிய துண்டுத் தாள்களில் நான்கு நொடி, ஆறு நொடி, எட்டு நொடி என்று சோதித்தோம். எட்டில் நரையும் மூக்குத்தியும் தெளிந்தன. ஆனால் சன்னலுக்கு அப்பாலுள்ள கன்னம் கரியாயிற்று. சைக்கிள் ஸ்போக் கம்பியின் முனையில் காசளவு அட்டையை ஒட்டி, மூன்று நொடி அந்தக் கன்னத்தின்மேல் நிழல் விழுமாறு அசைத்துக்கொண்டிருந்தோம். ஒருவர் அசைக்க, மற்றவர் எண்ண, ஒன்பதாவது தாளில் முகம் வந்தது. கண் கீரையில் இருந்தது. உதட்டில் மட்டும் ஏதோ வசவு.

அனுப்பி மூன்று வாரத்தில் பதில் வந்தது. "படம் எல்லாம் கிடைத்தது. என் படத்துக்குக் கண்ணாடி போட்டு மாட்ட வேண்டும் என்று தம்பி சொன்னான். இப்போது வேண்டாம் என்று பெட்டியில் வைத்திருக்கிறேன்." அடுத்த ஆண்டு கடைசியில் அது சட்டத்துக்குச் சென்றது. அவருக்கு வேறு படம் இல்லை.

இன்று எங்கள் வீட்டில் இருட்டறை இல்லை. மகள் அந்த நெகடிவுகளை ஒளிப்பலகையின்மேல் வைத்துக் கைப்பேசியாலேயே நகலெடுத்துவிடுகிறாள். வெளிறிய நெகடிவையும் நொடியில் சீராக்குகிறாள். எங்களுக்கு அதில் வருத்தமில்லை. ஆயினும் அந்த உறைகளை எறிய விடவில்லை. அக்காலப் பிலிம்களின் அடித்தளம் பெரும்பாலும் அசிட்டேட்டு. வெப்பமும் ஈரமும் பட்டால் அது சிதைந்து அசிட்டிக அமிலத்தை விடும். அந்த ஆவி பக்கத்துச் சுருளையும் சிதைக்கும். எனவே மழை ஓய்ந்து காற்று வறண்டதும், ஆண்டுக்கொரு முறை நவம்பரில், பெட்டியைத் திறந்து ஒவ்வோர் உறையாக முகர்ந்து பார்க்கிறோம். சென்ற நவம்பரில் இரண்டு உறைகளில் காடி வாடை தெரிந்தது. இரண்டும் மலைமந்திர்ச் சுருளின் துண்டுகள். அவற்றைத் தனிப் பெட்டிக்கு மாற்றி, முதலில் நகலெடுக்கும்படி மகளிடம் கொடுத்திருக்கிறோம். அடுக்களைச் சன்னல் படத்தின் உறையில் வாடை ஏதும் இல்லை.