உருண்டையாக வேண்டிய செதில்

பூமியிலிருந்து வரும் கிராஃபைட் தட்டையான செதில். லித்தியம் அதன் விளிம்பு வழியாகத்தான் அடுக்குகளுக்கு இடையே நுழையும். தாமிரத் தகட்டில் பூசி அழுத்தும்போது செதில்களெல்லாம் பாய் விரித்ததுபோலப் படுத்துவிடுகின்றன. உள்ளே போகிற வழி நீண்டுவிடுகிறது. அதனால் உருட்டி உருட்டி உருண்டையாக்குகிறார்கள். பாதிக்கு மேல் தூளாகக் கழிந்துபோவதும் உண்டு.

பிறகு தார் போன்ற பிட்ச்சைப் பூசிச் சூடாக்கி, மெல்லிய கார்பன் உறை போடுவார்கள். எனக்குப் பிடித்தது இந்தக் கட்டம்தான். பழைய நிரலைத் தொடாமல் சுற்றி ஒரு ரேப்பர் எழுதுகிற மாதிரி. கிராமுக்கு 372 மில்லியாம்பியர்-மணி என்ற உச்சவரம்பு இதனால் ஏறாது. ஆனால் முதல் சார்ஜில் எலக்ட்ரோலைட்டோடு வினைபுரிந்து வீணாகும் லித்தியம் குறையும்.

சிவகங்கையில் டாமின் நிறுவனத்தின் கிராஃபைட் சுரங்கம் இருக்கிறது. அந்தப் பக்கம் கண்மாய்ப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் மச்சான், "இம்புட்டு இருக்குல்ல மாப்ள, பேட்டரி கம்பெனி இங்கயே வந்தா என்ன?" என்றார். உருட்டுவதையும் பூசுவதையும் உற்சாகமாகச் சொன்னேன். நடுவில் இருக்கும் சுத்திகரிப்புக்கு வந்ததும் குரல் இறங்கிவிட்டது. 99.95 சதவீதத் தூய்மை வேண்டும்; ஒட்டியிருக்கும் சிலிக்கேட்டைக் கரைக்க வழக்கமாக ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். "கழுவுன தண்ணி எங்கிட்டுப் போகும்?" என்று கேட்டார்.

அந்த அமிலம் இல்லாமலும் செய்யலாம். காரத்தோடு வறுத்துக் கழுவலாம், அல்லது 2,500 டிகிரிக்கு மேல் சுட்டு அழுக்கை ஆவியாக்கலாம். கரண்டு பில் எகிறும். மழையை நம்பி நிற்கிற ஊரில் அந்த பில்லைக் கட்டத் தயாராக இருப்பவர்களைத்தான் நான் உள்ளே விடுவேன்.