கூனிக்கு வைத்த வேர்கள்

இராக் நாட்டின் வடக்கே, டைக்ரிஸ் நதிக்கரையிலுள்ள மோசுல் நகருக்குப் போனால், அவசியம் 'கூனி'யைப் பார்த்துவிட்டு வாருங்கள். ராமாயணக் கூனியல்ல! நூரி மசூதியின் சாய்ந்த ஸ்தூபிக்கு ஊரார் வைத்த செல்லப் பெயர் அது. அரபு மொழியில் 'அல் ஹத்பா' என்றால் கூன் விழுந்தவள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் நூருத்தீன் கட்டுவித்தது. 45 மீட்டர் உயரம், செங்கல் கட்டு.

அவள் விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில், 1981-ல் இத்தாலியப் பொறியாளர்களை அழைத்தார்கள். சாய்ந்த ஸ்தூபியின் அருகே பெரிய தூண்களைச் சம்மட்டியால் அடித்து இறக்க முடியுமா? அதிர்ச்சியே போதுமே, அவளைச் சாய்க்க! ஆகவே, 1952-ல் நேப்பிள்ஸ் நகரில் பெர்னாண்டோ லிட்சி கண்டுபிடித்த உபாயத்தைக் கையாண்டார்கள். ஒரு சாண்கூட அகலமில்லாத துளைகளை அஸ்திவாரத்தின் ஊடே மண்ணுக்குள் ஆழமாகப் போடுவது. எஃகை இறக்கிச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுவது. குழம்பு மண்ணைக் கவ்வி இறுகிவிடும். இத்தாலியர் இதற்கு இட்ட பெயர் 'வேர்க்கம்பம்'. நிமிர்த்துவதல்ல, மேலும் சாயாமல் தாங்குவதே அதன் வேலை.

ஆனால் 2014-ல் ஐ.எஸ். கூட்டம் நகரைப் பிடித்தது. ஸ்தூபியைத் தகர்க்க வந்தபோது, ஊரார் கைகோத்துச் சுற்றி நின்று தடுத்தார்களாம். 2017 ஜூனில் வெடி வைத்தே விட்டார்கள். பீடந்தான் மிஞ்சியது. வேர்கள் என்ன செய்யும், பாவம்!

யுனெஸ்கோ உதவியால் மறுபடி எழும்பி, 2025-ல் திறப்பு விழாக் கண்டது. இடிபாட்டில் பொறுக்கிய பழைய செங்கற்களும் அதில் உண்டு. இம்முறையாவது நேராகக் கட்டியிருக்கலாமே என்கிறீர்களா? பழையபடியே வேண்டுமென்றுதான் ஊரார் ஆசைப்பட்டார்கள். கூனியாகவே நிற்கிறாள்!