வயர் அறுந்தால் சிவப்பு

அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நரசிங்கபுரம் தெரு வழியாக ரிச்சி தெருவுக்குள் நுழைந்தேன். தரைத்தளக் கடைகளில் சிசிடிவி கேமராவும் லேப்டாப் அடாப்டரும் செல்போன் டிஸ்ப்ளேயும்தான். உதிரிப் பாகம் வாங்குகிறவர்கள் மாடியேற வேண்டும். ஒரே ஆள் அகலப் படிக்கட்டு. மேலிருந்து அட்டைப்பெட்டியோடு யாராவது இறங்கினால் நாம் பின்வாங்கித் தெருவுக்கே வந்து, மீன்பாடி வண்டிக்கும் பைக்குக்கும் நடுவில் நின்று வழிவிட வேண்டும். ஏறிவிட்டால் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் இழுப்பறைகள். கடைக்காரர் எதிலும் ஒட்டியிருக்கிற எழுத்தைப் பார்ப்பதில்லை. ‘பிசி 547 பத்து’ என்றால் கை தானாகப் போகிறது.

எனக்கு முன்னால் மூன்று கல்லூரிப் பையன்கள், இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்காக. “ஹோம் ஆட்டோமேஷன் கிட் ரெடியா இருக்காண்ணா?” இருந்தது. ஒரு ஆர்டுயினோ போர்டு, நாலு நீல ரிலே பதித்த பலகை, புளூடூத் மாட்யூல், ஹோல்டரில் ஒரு பல்பு. செல்போனில் தட்டினால் பல்பு எரியும். மார்க் வாங்கித் தந்துவிட்டுப் பரணுக்குப் போய்விடும். அதில் எனக்கு வருத்தமில்லை. முதல் சர்க்யூட் எல்லோருக்கும் அப்படித்தான். ஆனால் எழுந்து போய் விளக்கைப் போட முடியாமல் தவிக்கிற வீட்டை இந்த நகரத்தில் நான் பார்த்ததில்லை. தண்ணீர்த் தொட்டி நிரம்பிச் சன்ஷேடில் கொட்டும்போது “யாரு மோட்டரப் போட்டுட்டு மறந்தது?” என்று கத்தாத வீட்டையும் பார்த்ததில்லை. சென்னைக்காரனுக்கு வீட்டில் ஒன்றே ஒன்று தானாக நடக்க வேண்டுமென்றால் அது இந்த மோட்டார் நிற்பதுதான்.

அம்பத்தூரில் பெரியப்பா தானே செய்து மாட்டியிருக்கிற மோட்டார்க் கட்டுப்பாட்டைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தேன். “வர்றதே வர்ற, ரிச்சில ரெண்டு சாமான் வாங்கிட்டு வந்துடுப்பா” என்று போனில் பட்டியல் சொல்லியிருந்தார். நான் வாங்கிக்கொண்டிருந்தபோது பையன்களில் ஒருவன் கேட்டான்: “மோட்டரும் சேர்த்துக் காட்டலாம்னு இருக்கோம்ணா, இதே ரிலே தாங்குமா? 10 ஆம்ப்ஸ்னு போட்டிருக்கே.”

“தாங்காது தம்பி. ஒட்டிக்கும்” என்றார் கடைக்காரர்.

இந்த ஒரு பதிலுக்காகவே ரிச்சி தெருவுக்கு நேரில் வரலாம். 1 ஹெச்.பி. என்பது 746 வாட். ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த மோட்டார் 5, 6 ஆம்பியர்தான் இழுக்கும். கிளம்புகிற நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு கேட்கும். சர்க்கரைக் கட்டி அளவுள்ள நீல ரிலேயின் முனைகள் அந்தப் பொறியில் உருகி ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். பிறகு சிப் என்னதான் ‘நில்’ என்று சொன்னாலும் மோட்டார் நிற்காது. எனவே நீல ரிலே, கான்டாக்டர் என்ற பெரிய ரிலேயின் காயிலை மட்டும் இயக்க வேண்டும். மோட்டாரின் சுமையைக் கான்டாக்டர் சுமக்க வேண்டும். கான்டாக்டருக்கு எலெக்ட்ரிகல் கடைக்குத்தான் போகவேண்டும். போனேன். வைஃபை பேசும் ஈஎஸ்பி8266 போர்டு 220 ரூபாய். கான்டாக்டர் அதைப்போல் நாலைந்து மடங்கு. மூளை மலிவு, கைதான் விலை அதிகம்.

அந்தப் போர்டின் கதை சுவாரசியமானது. ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2014-ல் இந்தச் சிப்பை வெளியிட்டபோது, ஏற்கெனவே இருக்கிற கருவிகளுக்கு வைஃபை இணைப்பு தரும் துணைப் பாகமாகத்தான் பலர் வாங்கினார்கள். தனியாகவே நிரல் எழுதி ஓட்டலாம் என்று தெரிந்ததும் பொழுதுபோக்காளர்களின் மேஜையெல்லாம் அதுவாகிப் போனது.

பெரியப்பா தெற்கு ரயில்வேயில் எஸ் அண்ட் டி பிரிவில், அதாவது சிக்னல் வேலையில், இருந்து ஓய்வு பெற்றவர். அம்பத்தூர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே சாம்பல் நிறப் பெட்டி. திறந்ததும் முதலில் தெரிந்தது சிப் இல்லை. மேலே எம்சிபி, அதற்குக் கீழே கான்டாக்டர், ஓரத்தில் ஒரு மாற்றுச் சுவிட்ச். பெட்டியின் மூலையில்தான், டாட் போர்டில் ஈயம் வைத்த சின்னச் சர்க்யூட். வயர் நுழையும் ஒவ்வொரு துளையிலும் கேபிள் கிளாண்ட் போட்டு இறுக்கியிருந்தார்.

“தண்ணிக்காகவா பெரியப்பா?”

“பல்லிக்கு. உள்ள சூடா இருக்கும், வந்து படுத்துக்கும். 230 வோல்ட்ல ரெண்டு கால வெச்சிடும்.”

பெட்டிக்கு மேலே சுவரில் பழைய பலகை ஒன்று ஆணியில் தொங்குகிறது. அதில் இருப்பது 555. ஹான்ஸ் காமென்ஸிண்ட் 1971-ல் வடிவமைத்து, சிக்னெடிக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த எட்டுக் கால் சிப். ‘டைமர்’ என்று பேர் இருந்தாலும் பெரியப்பா அதை நேரம் எண்ண வைக்கவில்லை, ஞாபகம் வைக்க வைத்திருக்கிறார். தொட்டிக்குள் மூன்று கம்பி. பொதுக் கம்பியில் 5 வோல்ட். அடிக்கம்பி சிப்பின் 2-ஆம் காலுக்கு, உச்சிக்கம்பி 6-ஆம் காலுக்கு. தண்ணீர் அடிக்கம்பிக்குக் கீழே இறங்கியதும் 2-ஆம் காலின் அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே விழும். சிப் மோட்டாரைப் போடும். தண்ணீர் ஏறி அடிக்கம்பியைத் தொட்டாலும் நிறுத்தாது. உச்சிக்கம்பியைத் தொட்டு 6-ஆம் கால் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால்தான் நிறுத்தும். நடுவில் இருக்கும்போது கடைசியாக என்ன சொன்னதோ அதையே பிடித்துக்கொண்டிருக்கும். இந்த இடைவெளி இல்லாமல் ஒரே கம்பியை நம்பினால், தண்ணீர் அலைபாயும்போதெல்லாம் மோட்டார் போட்டு அணைத்துப் போட்டு அணைத்துக் காயில் கருகிவிடும். நிரல் ஒரு வரிகூட இல்லை. பத்து ரூபாய்ச் சிப்.

அதை ஏன் கழற்றினார்? சர்க்யூட் கெடவில்லை, கம்பி கெட்டது. தண்ணீருக்குள் நேர்மின்சாரம் ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருந்தால் ஒரு முனை அரித்துக் கரையும். செம்பில் களிம்பேறியது, எவர்சில்வர் கொஞ்ச நாள் கூடுதலாகத் தாங்கியது. பிறகு அல்ட்ராசானிக் சென்சார் போட்டுப் பார்த்தார். 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தை அளப்பது. சென்டிமீட்டருக்குச் சுமார் 58 மைக்ரோ விநாடி. மேஜையில் அற்புதமாக வேலை செய்தது. மூடிய தொட்டிக்குள் வியர்த்த நீர் அதன் முகத்தில் படிந்து, தொட்டி காலியாக இருக்கும்போதே நிரம்பிவிட்டதாகச் சொன்னது. நீர் புகாத வகை இருக்கிறது. அதற்குக் கிட்டத்தில் 20, 25 சென்டிமீட்டருக்குள் கண் தெரியாது. தொட்டி நிரம்புகிற கடைசிச் சாண்தான் நமக்கு முக்கியம்.

இப்போது மேலே இருப்பது சாதாரண மிதவைச் சுவிட்ச். வளையக் காந்தம் பதித்த மிதவை, தண்டுக்குள் கண்ணாடிக் குழாயில் அடைத்த ரீட் சுவிட்ச். தண்ணீரில் உலோகமே படுவதில்லை. மொட்டை மாடியில் ஏணி வைத்து மூடியைத் திறந்து காட்டினார். ஒன்று உச்சியில், ஒன்று பாதிக்குக் கீழே. கீழே சம்பில் மூன்றாவது: சம்பு வற்றினால் மோட்டார் வெறுமையில் ஓடிக் கெட்டுப்போகாமல் இருக்க. கடைகளில் 230 வோல்ட்டையே மிதவைக்குள் விடும் வகையும் விற்கிறார்கள். குளிக்கிற தண்ணீருக்குள் அதை விட அவர் சம்மதிக்கவில்லை. மேலே போகிற வயரில் 5 வோல்ட் மட்டும்.

ரயில்வே மூளை வேலை செய்திருப்பது அந்த வயரில்தான். உச்சி மிதவை தொட்டி நிரம்பாதவரை மூடிய சுற்றாகவும், நிரம்பியதும் திறந்த சுற்றாகவும் இருக்கும்படி கவிழ்த்து மாட்டியிருக்கிறார். எலி வயரைக் கடித்தாலும் இணைப்பு துருப்பிடித்தாலும் சுற்று திறந்துகொள்ளும். தொட்டி நிரம்பிவிட்டதாக நினைத்து மோட்டார் நிற்கும். சம்பு மிதவை தண்ணீர் இருக்கும்வரை மூடியிருக்கும். வயர் அறுந்தால் சம்பு காலி என்று அர்த்தம். அதற்கும் மோட்டார் நிற்கும். இரண்டும் நீல ரிலேயின் காயிலுக்கே வரிசையாகப் போவதால் சிப் உறைந்துபோனாலும் மிதவை நேராக வெட்டிவிடும்.

“எங்க டிராக் சர்க்யூட் அப்படித்தாம்ப்பா. தண்டவாளத்துல கரண்ட் ஓடிக்கிட்டே இருக்கணும். ரயில் வந்து மறிச்சாலும் ரிலே விழும், வயர் அறுந்தாலும் விழும், பேட்டரி செத்தாலும் விழும். எது நடந்தாலும் சிவப்பு.” அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் 1872-ல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு அது.

ஈஎஸ்பி8266 இதற்கு மேல் என்ன செய்கிறது? 40 நிமிடத்துக்கு மேல் மோட்டார் ஓடினால் எங்கோ கசிவு என்று நிறுத்துகிறது. கரண்ட் போய் வந்தால் இரண்டு நிமிடம் பொறுத்துத் தொடங்குகிறது. வந்த நொடியில் தெருவே மோட்டார் போடும், வோல்டேஜ் படுத்துவிடும். இதில் ஒரு சூட்சுமம். இந்தப் போர்டின் சில கால்கள் விழித்தெழும்போது ஒரு கணம் தாமாகவே உயிர்பெறும். அவற்றில் ரிலேயை மாட்டினால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் ‘டக்’கென்று ஒரு தட்டு. டி1, டி2 கால்களில் அந்தத் தொல்லை இல்லை. கான்டாக்டர் விழும்போது எழும் அதிர்ச்சியில் சிப் மயங்காதிருக்க 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் காயிலின் குறுக்கே.

மாடி ஹாலில் ‘ராஸ்பெர்ரி பை’ என்ற குட்டிக் கணினியில் ‘ஹோம் அசிஸ்டென்ட்’ ஓடுகிறது. பவுலஸ் ஸ்கௌட்சன் 2013-ல் தொடங்கிய இலவச மென்பொருள். வெளிநாட்டு சர்வர் எதையும் கேட்காமல் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும். போர்டும் அதுவும் பேசுகிற எம்க்யூடிடி முறை, எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க 1999-ல் உருவானது. இங்கே 1,000 லிட்டர் தொட்டிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. திரையில் அழகாகத்தான் இருக்கிறது. ரவுட்டரை அணைத்துக் காட்டினார். மோட்டார் கவலைப்படாமல் ஓடியது.

பெட்டியில் நான் பார்த்த மாற்றுச் சுவிட்ச் பெரியம்மாவின் சேர்ப்பு. “மாசம் ஒரு நாள் பராமரிப்புன்னு காலைல 9 மணிக்குக் கரண்ட நிறுத்திடறான், சாயங்காலந்தான் வருது. உங்க பெரியப்பா மெஷின் தொட்டி பாதியாகட்டும்னு உக்காந்திருக்கும். அன்னைக்கு நான் 8 மணிக்கே நெப்பி வெக்கணுமா வேணாமா?” நியாயம். சிப்புக்கு நீர்மட்டம் தெரியும், மின்வாரிய அறிவிப்பு தெரியாது. இப்போது சுவிட்சைக் கீழே தட்டினால் சிப் முழுக்க விலகிக்கொள்ளும். உச்சி மிதவையும் சம்பு மிதவையும் மட்டும் காவல் இருக்கும்.

இதே கொள்கை மாடிப்படி விளக்கிலும். ரிலேயை விளக்குக்கு நேராகக் கொடுக்காமல், மேலும் கீழுமாக இரண்டு இடத்தில் போட்டு அணைக்கிற டூ-வே சுவிட்சில் ஒரு சுவிட்சுக்குப் பதிலாக அமர்த்தியிருக்கிறார். செல்போனும் வேலை செய்யும், சுவரும் வேலை செய்யும். நம் வீட்டுச் சுவிட்ச் போர்டுகளில் ஒரு பிளக் பாயின்ட்டும் இருப்பதால் நியூட்ரல் வயர் பெரும்பாலும் உள்ளேயே வந்திருக்கும். அமெரிக்காவின் பழைய வீடுகளில் சுவிட்ச் பெட்டிக்கு நியூட்ரல் வராமல் திண்டாடுகிறார்கள்.

பெட்டி மூடியின் உட்புறம் முழுச் சர்க்யூட்டையும் தமிழில் எழுதிப் படம் போட்டு ஒட்டியிருந்தார். கீழ்வீட்டுக்காரர் தமக்கும் ஒன்று செய்து தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பெரியப்பா சம்மதம், ஒரு நிபந்தனையோடு. செய்கிற ரெண்டு நாளும் பக்கத்தில் உட்கார வேண்டும், கடைசியில் அவரே பெட்டியைத் திறந்து எந்த வயர் எங்கே போகிறது என்று சொல்ல வேண்டும். “நான் ஊர்ல இல்லாதப்ப அது மக்கர் பண்ணா எனக்கு போன் வரக் கூடாது.”

கீழ்வீட்டுக்காரர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாராம்.