மூணு மணி போன்

ஆர்.கே.பேட்டை என்றால் ராமகிருஷ்ணராஜுப்பேட்டை. முழுப் பேரையும் சொல்லி டிக்கெட் கேட்டால் கண்டக்டர் முறைப்பார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் காதில் விழுவது தறிச் சத்தம். அடுத்தது தெலுங்கு. திருத்தணி வட்டாரம் ஆந்திராவிலிருந்து நம் பக்கம் வந்தது 1960-ல். அதனால் இங்கே வதந்திக்கும் இரண்டு பாஷை தெரியும்!

என் மாமனார் ஊர். மனுஷர் வழுக்கி விழுந்து, அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் படுத்திருந்தார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். ராத்திரித் துணைக்கு மாப்பிள்ளை.

பன்னிரண்டு மணிக்கு மேல் நர்ஸ் மேஜையில் கச்சேரி ஆரம்பிக்கும்.

"லிஸ்ட் வருதாம்டி!"

"யாரு சொன்னா?"

"டி.எம்.எஸ்.லேயே சொன்னாங்களாம்."

பாடகர் இல்லை சார், தேனாம்பேட்டை ஆபீஸ். சிரிக்காதீர்கள். 2015-ல் மாசம் 7,700 ரூபாய்க்குச் சேர்ந்த நர்சுகள், இரண்டு வருஷத்தில் பர்மனென்ட் என்று நம்பிக் காத்திருந்து, 2017 நவம்பரில் அந்த வளாகத்தில்தான் போராட உட்கார்ந்தார்கள். கொரோனாவில் சேர்த்தவர்களில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு 2022 டிசம்பர் 31-ஓடு சீட்டு கிழிந்தது. ஆர்டர் கைக்கு வரும்வரை வயிற்றில் புளி கரைக்கிற உத்தியோகம். காதைத் தீட்டிக்கொள்ளாமல் என்ன செய்வார்கள்?

ஆனால் நல்ல தண்ணி வர்ற குழாயிலேதானே சாக்கடையும் கலக்குது! புதுசாக வந்த ஒரு சிஸ்டர், தினம் ராத்திரி மூணு மணிக்கு போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போவார். பத்து நிமிஷம் சிரிப்பு.

"சிப்காட்ல ஒருத்தனாம்."

"கழுத்துல தாலி இருக்கேடி?"

"அதான் விஷயமே!"

காலையில் டீக்கடையில் நானும் சும்மா இருந்திருக்கலாம். கொஞ்சம் மசாலா தூவி எடுத்து விட்டேன். மாஸ்டர் எனக்கு ஸ்பெஷல் டீ போட்டார்.

நாலாம் ராத்திரி. அந்த சிஸ்டர் மாமனாருக்கு ட்ரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. "ஒரு நிமிஷம் சார், வீட்டுக்காரர். கும்மிடிப்பூண்டி சிப்காட்ல நைட் ஷிப்ட், இப்பதான் டீ பிரேக். ரெண்டு பேரும் முழிச்சிருக்கிறது இந்தப் பத்து நிமிஷம்தான்."

ஒரே திருவள்ளூர் மாவட்டம்தான். அவர் அந்த மூலை, இவர் இந்த மூலை. அந்தப் பக்கம் மாற்றல் கேட்டிருக்கிறாராம். மேஜைப் பேச்சில் அவர் ஏன் லிஸ்டைப் பற்றி மட்டும் திரும்பத் திரும்ப விசாரித்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. மாமியார் வீடு பக்கத்துக் கிராமம் என்றும் சொன்னார். எனக்கு வியர்த்துவிட்டது.

விடிந்ததும் டீக்கடைக்கு ஓடினேன். "அது அவங்க புருஷன்தாங்க!" என்றேன். "அப்படியா?" என்று மாஸ்டர் டீயை ஆற்றினார். புருஷனோடு பேசினால் அதில் என்ன ருசி இருக்கிறது? அன்றைக்கு ஸ்பெஷல் இல்லை, சாதா டீதான்.

டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் திருத்தணி பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள் தெலுங்கில் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் 'நர்ஸ்', 'மூடு கண்ட்டலு', 'சிப்காட்' மூன்றும் பிடிபட்டன. கடைசியில் ஒருத்தி அடித்துச் சொன்னாள்... எல்லாம் நிஜமாம். கண்ணால் பார்த்த சாட்சி இருக்கிறதாம். யாரோ ஒரு பேஷன்ட்டோட மாப்பிள்ளையாம்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.